இருப்பு எங்கே போகிறது? ஜஸ்ட்-இன்-டைம் முறையும் கன்னியாகுமரி மாவட்டத் தொழில்களும்

1. கேள்வி

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கார் ஆலைகளில், ஒரு காருக்கான இருக்கை அது பொருத்தப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் வாசலுக்குள் நுழைகிறது. கார்கள் எந்த வரிசையில் ஓடிவருகின்றனவோ அதே வரிசையில் இருக்கைகளும் லாரியில் ஏற்றப்படுகின்றன. அதே மாநிலத்தின் தென்கோடியில், மார்த்தாண்டம், கருங்கல், முளகுமூடு பகுதிகளில் மக்கள் அண்டி ஆபீஸ் என்று சொல்லும் முந்திரித் தொழிற்சாலைகளின் கிட்டங்கிகளில், ஆப்பிரிக்கக் கொட்டை சணல் மூட்டைகளில் மாதக்கணக்கில் அடுக்கிக் கிடக்கிறது. மேலாண்மை படித்து வரும் இளைஞர் ஒருவர் முதலாவதை நவீனம் என்றும் இரண்டாவதைப் பின்தங்கிய நிலை என்றும் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இருப்பு என்பது முடங்கிய பணம், அதைக் குறைப்பதே நிர்வாகத் திறமை என்றுதான் அவருக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது.

இக்கட்டுரை அந்தத் தீர்ப்பைப் பரிசோதிக்கிறது. ஜஸ்ட்-இன்-டைம் முறை கன்னியாகுமரி மாவட்டத் தொழில்களுக்குப் பொருந்துமா என்பது அதன் கேள்வி. அதற்கு விடை தேடும்போது இன்னொரு கேள்வி முந்திக்கொள்கிறது. ஒரு நிறுவனம் தன் இருப்பை ஒழித்துவிட்டதாகச் சொல்லும்போது அந்த இருப்பு உண்மையில் மறைந்துவிடுகிறதா, இல்லை வேறொருவர் கைக்குப் போய்விடுகிறதா? சான்றுகள் பெரும்பாலும் இரண்டாவதையே காட்டுகின்றன என்பது என் முடிவு. இந்த முறையில் எடுத்துக்கொள்ளத்தக்கவை பல உண்டு. அவை எவை, யாருக்கு என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2. முறை பிறந்த சூழலும் அதன் நிபந்தனைகளும்

தேவைப்படும் பொருள், தேவைப்படும் அளவில், தேவைப்படும் நேரத்தில் வந்து சேர வேண்டும் என்ற எண்ணத்தை டொயோட்டா நிறுவனத்தில் 1930களின் இறுதியிலேயே கீச்சிரோ டொயோடா முன்வைத்தார். அதை நடைமுறையாக வளர்த்தெடுத்தவர் தாயிச்சி ஓனோ. நெசவு, நூற்புத் தொழிலிலிருந்து கார் தொழிலுக்கு வந்தவர் அவர். 1950இல் ஜப்பானில் கடன் கிடைப்பது இறுகியபோது, விற்காத வண்டிகளோடு டொயோட்டா திவாலின் விளிம்புக்கு வந்தது. நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. ஏறத்தாழ 2000 தொழிலாளர்கள் வெளியேறினர், கீச்சிரோ பதவி விலகினார். இருப்பு வைத்திருப்பது ஆபத்து என்ற பாடத்தை அந்நிறுவனம் கற்றது இந்த நெருக்கடியில்தான். கையில் காசில்லாத ஒரு நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ட வழி இது என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த வழி தனியாக நிற்கவில்லை. பின்னால் உள்ள பணியிடம் கேட்டால் மட்டுமே முன்னால் உள்ள பணியிடம் செய்ய வேண்டும் என்ற கான்பான் அட்டை முறை, 1960களின் தொடக்கத்தில் டொயோட்டா ஆலைகள் முழுவதும் பரவியது. அது ஓடுவதற்கு வேறு சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இயந்திரத்தை மாற்றும் நேரம் குறைய வேண்டும். 1969இல் ஆயிரம் டன் அழுத்து இயந்திரம் ஒன்றின் மாற்று நேரம் 4 மணியிலிருந்து ஒன்றரை மணிக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் குறைந்ததை ஷிகியோ ஷிங்கோ பதிவு செய்திருக்கிறார். குறை தெரிந்த உடனேயே வரிசையை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளிக்கு இருக்க வேண்டும். உதிரிபாகம் தருபவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். டொயோட்டா நகரத்தைச் சுற்றி ஐச்சி மாகாணத்திலேயே அவர்களில் பலர் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உற்பத்தி அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் சமன்படுத்தப்பட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நம் ஊர் விளக்கங்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. சமன்படுத்தாமல் இருப்பை மட்டும் குறைத்தால், தேவையின் ஏற்ற இறக்கம் முழுவதும் சங்கிலியின் கீழ்முனைக்குப் போய்ச் சேரும்.

3. ஸ்ரீபெரும்புதூர் தரும் சான்று

தமிழ்நாட்டில் இந்த முறைக்கு ஏமாற்றமில்லாத வரலாறு ஒன்று உண்டு. 1998இல் சுந்தரம் கிளேட்டன் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது, 2002இல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது, பின்னர் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., ரானே குழும நிறுவனங்கள் என்று பட்டியல் நீண்டது. அந்தப் பரிசு தர மேலாண்மைக்கானது. தரம் நிலைபெறாமல் இருப்பைக் குறைக்க முடியாது என்பதால் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியபோது அதன் கொரிய உதிரிபாக நிறுவனங்களும் கூடவே வந்து பக்கத்திலேயே ஆலை போட்டன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் வந்தது. அருகிருப்பு என்ற நிபந்தனை அங்கே நிறைவேறியது.

அதன் பலவீனமும் அங்கேயே வெளிப்பட்டது. 2015 டிசம்பர் முதல் நாட்களின் பெருமழையில் ஃபோர்டு, ஹூண்டாய், ரெனோ-நிஸ்ஸான், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. தொழிலாளர் வர முடியவில்லை, பாகங்களும் வர முடியவில்லை. ஜப்பானில் இதற்கு முன்னோடி உண்டு. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீப்பிடித்தபோது, பிரேக்குக்கான ஒரு சிறு வால்வு கிடைக்காமல் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. அந்த வால்வைக் கிட்டத்தட்ட முழுமையாக அந்த ஒரே ஆலைதான் செய்துகொண்டிருந்தது. டொயோட்டாவிடம் இருந்தது சில மணி நேர இருப்பு மட்டுமே. அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அந்த வால்வைச் செய்துகொடுத்ததால் சில நாட்களில் ஆலைகள் மீண்டன. இந்த மீட்சியை முறையின் வெற்றியாகக் காண்பவர்கள் உண்டு. அந்த நிறுவனங்கள் நீண்டகால உறவால் கட்டப்பட்டவை என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலையை மட்டும் பார்த்து ஆண்டுதோறும் சப்ளையரை மாற்றும் நிறுவனத்துக்காக யாரும் இப்படி ஓடிவர மாட்டார்கள்.

2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்தது இக்கட்டுரையின் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மாற்று எளிதில் கிடைக்காத பாகங்களைப் பட்டியலிட்ட டொயோட்டா, மின்னணுச் சில்லுகளை 2 மாதம் முதல் 6 மாதம் வரைக்குமான இருப்பாக வைத்திருக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது. 2021இல் உலகம் முழுவதும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது மற்ற நிறுவனங்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாக அது தாக்குப்பிடித்தது இதனால்தான். அந்த இருப்புக்கு ஈடாக, ஆண்டுதோறும் சப்ளையர்களிடம் கேட்டு வாங்கும் விலைக்குறைப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்ததாகவும் செய்திகள் வந்தன. முறையைக் கண்டுபிடித்த நிறுவனமே, ஆபத்து அதிகமான இடத்தில் இருப்பு வேண்டும் என்றும், அதை வைத்திருப்பவருக்குக் கூலி தர வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டது.

4. இரண்டு வாசிப்புகள்

இந்த முறையைப் பற்றிய எழுத்து இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடக்கிறது. எம்.ஐ.டி. ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய ஜான் கிராஃப்சிக் 1988இல் இதற்கு 'லீன்' என்று பெயர் வைத்தார். 1990இல் வோமாக், ஜோன்ஸ், ரூஸ் மூவரும் எழுதிய நூல் அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. குறைந்த இடம், குறைந்த உழைப்பு, குறைந்த இருப்பு, குறைந்த குறைகள் என்பது அவர்கள் வாதம். ஆலைகளுக்கிடையிலான ஒப்பீட்டு அளவைகளை அவர்கள் முன்வைத்தார்கள். அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எதிர்முகாமின் குரல் தொழிற்கூடத்துக்குள்ளிருந்து வந்தது. சத்தோஷி கமதா என்ற பத்திரிகையாளர் 1972இல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, வரிசையின் வேகத்தையும் விபத்துகளையும் களைப்பையும் நாட்குறிப்பாக எழுதினார். அமெரிக்காவில் மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் இருவரும் 1988இல் இம்முறையை அழுத்தம் கொடுத்து நிர்வகிக்கும் முறை என்று விளக்கினார்கள்: இடைவெளிகளை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சும் ஒரே நெகிழ்ச்சி மனித உடல்தான் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

என் பார்வையில் இரு தரப்பும் ஒரே உண்மையின் இரண்டு பக்கங்களை எழுதியிருக்கின்றன. கமதா நூலில் என்னை நிறுத்துவது பருவகாலத் தொழிலாளி என்ற அவருடைய நிலைதான். நிரந்தரத் தொழிலாளருக்கு வாழ்நாள் வேலை என்ற உறுதியைக் காப்பாற்ற, ஏற்ற இறக்கத்தைத் தாங்க இன்னொரு வகைத் தொழிலாளர் தேவைப்பட்டார்கள். பொருளிருப்பு குறைந்த இடத்தில் ஆளிருப்பு வந்து உட்கார்ந்தது. நம் பக்கத்து ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என்ற பெயர்களில் இன்று நிற்பவர்களும் அவர்களே. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து டிப்ளமா முடித்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பஸ் ஏறும் பிள்ளைகள் பலர் இந்தப் பெயர்களில்தான் அங்கே சேர்கிறார்கள்.

இதற்கு இணையாகப் பணத்தின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பொருள் மணிக்கணக்கில் வந்துசேர வேண்டும் என்று கேட்கும் பெரிய நிறுவனங்கள் பணத்தையும் அப்படித் தருகின்றனவா? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், சிறு சப்ளையருக்கு 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி. அது போதாமல், அக்கெடுவைத் தாண்டிய பாக்கியைச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாதபடி வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஒரு சட்டத்தைக் காப்பாற்ற இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்கிறது. வாங்குபவரின் கிட்டங்கி காலியாகிறது. விற்பவரின் வங்கிக் கணக்கில் அது வராத பணமாக நிற்கிறது. இருப்பு அப்போது கடன் வடிவம் எடுத்திருக்கிறது.

5. அண்டி ஆபீஸ்: இருப்பு ஏன் கிடக்கிறது?

இனி மாவட்டத்துக்கு வருவோம். கொல்லத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த முந்திரித் தொழில், கேரளத்தின் கூலிச் சட்டங்களும் தொழிற்சங்க வலிமையும் கூடக்கூட எல்லை தாண்டி விளவங்கோடு, கல்குளம் வட்டங்களுக்கு நகர்ந்தது. கேரள முந்திரித் தொழிலாளர் பற்றிய அன்னா லிண்ட்பெர்க்கின் 2005ஆம் ஆண்டு நூல் இந்த இடப்பெயர்ச்சியைப் பேசுகிறது. வேலை செய்பவர்களில் மிகப்பெரும்பாலோர் பெண்கள். கொட்டையை வறுப்பதும் மூட்டை சுமப்பதும் ஆண்களிடம் இருக்க, தல்லுவது (ஓட்டை உடைப்பது), தோல் உரிப்பது, தரம் பிரிப்பது ஆகிய மூன்றும் பெண்களின் கையில் இருக்கின்றன. தல்லுவதற்கும் உரிப்பதற்கும் பொதுவாகக் கிலோக் கணக்கில் கூலி.

இத்தொழிலில் இருப்பு குவிவதற்கு முதல் காரணம் பயிர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், பெனின், கினி-பிசாவ் நாடுகளில் அறுவடை பிப்ரவரி முதல் ஜூன் வரை. இந்திய அறுவடையும் ஏறத்தாழ அதே மாதங்களில் வருகிறது. தான்சானியாவின் அறுவடை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஆண்டு முழுவதும் ஆபீஸ் ஓட வேண்டுமானால் இந்தச் சில மாதங்களில் வாங்கிக் காய வைத்துச் சேமித்தே ஆக வேண்டும். ஈரப்பதம் எட்டு ஒன்பது சதவீதத்துக்கு இறங்கும்படி களத்தில் உலர்த்திய கொட்டை ஓராண்டு வரை கெடாது. இதேபோல, நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெல் போகங்களுக்கும் இடையில் வீட்டைக் காத்தது பத்தாயத்து நெல். விளைச்சல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையும் பசி தினமுமாக இருக்கும் இடத்தில், இருப்பு வைப்பதை நிர்வாகக் குறை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் ஆழமானது. முறையைப் பரிந்துரைப்பவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கார் உற்பத்தியில் ஆயிரக்கணக்கான பாகங்கள் குவிந்து ஒரு வண்டியாகின்றன. கடைசியில் எந்த வண்டி வேண்டும் என்று தெரிந்தால், பின்னோக்கிப் போய் என்னென்ன பாகம் வேண்டும் என்று கேட்டு இழுத்துக்கொள்ளலாம். முந்திரி இதற்கு நேர் எதிரான திசையில் ஓடுகிறது. ஒரே மூட்டைக் கொட்டை இருபதுக்கும் மேற்பட்ட தரங்களாக விரிகிறது. 80 கிலோ மூட்டை ஒன்றிலிருந்து 45 முதல் 50 பவுண்டு வரை பருப்பு கிடைக்கலாம். அதில் எத்தனை பருப்பு ஒரு பவுண்டுக்கு 180க்குள் நிற்கும் பெரிய முழுப்பருப்பாக இருக்கும், எத்தனை 240, எத்தனை 320, எத்தனை 450, எவ்வளவு பிளவு, எவ்வளவு துண்டு என்பதை மரமும் மண்ணும் வறுப்பும் தல்லுபவரின் கையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. துபாயிலிருந்து ஒருவர் டபிள்யூ 320 மட்டும் கேட்டால், அதை மட்டும் உற்பத்தி செய்ய எந்த ஆபீசாலும் முடியாது. 320ஐ எடுக்கும்போது மற்றவையும் கூடவே பிறக்கின்றன, அவை விற்கும்வரை கிடக்கும். தேவை இழுக்கும் முறை இங்கே கோட்பாட்டு அளவிலேயே தடுமாறுகிறது. ரப்பர் ஷீட்டுக்கும் படகில் வந்திறங்கும் மீனுக்கும் இதே தன்மை உண்டு. வேளாண் மூலப்பொருளைப் பிரித்தெடுக்கும் தொழில்களையும் பாகங்களைச் சேர்க்கும் தொழில்களையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு இடம் தர வேண்டும். கிட்டங்கியில் இருப்பது கொட்டை மட்டும் இல்லை, வங்கிக் கடனும்தான். 2017இல் உச்சத்துக்குப் போன ஆப்பிரிக்கக் கொட்டையின் விலை 2018இல் சரிந்தது. உச்ச விலையில் வாங்கிச் சேமித்தவர்கள் சரிந்த விலையில் பருப்பு விற்க நேர்ந்தது. அதற்கு முன்பே, 2016 மத்திய பட்ஜெட் இறக்குமதிக் கொட்டைக்கு 5 சதவீதச் சுங்க வரி விதித்திருந்தது. 2018 பட்ஜெட் அதை 2.5 சதவீதமாகக் குறைத்தது. இன்னொரு பக்கம், இயந்திரமயமான வியட்நாம் 2006 முதல் உலகின் முதல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியாளராக இருந்துவந்தது. இந்த மூன்றும் சேர்ந்து கொல்லத்திலும் கன்னியாகுமரியிலும் பல ஆபீசுகளைப் பூட்ட வைத்தன. ஓராண்டுக் கொட்டையை ஒரே மூச்சில் வாங்குவது சேமிப்பு என்பதைத் தாண்டி ஊக வணிகம் ஆகிவிடுகிறது. இந்த அளவில், இருப்பு ஆபத்து என்று டொயோட்டா கற்ற பாடம் மார்த்தாண்டத்துக்கும் பொருந்தும்.

ஆனால் அந்தக் காலத்தில் இழப்பு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். முதலாளி கடனில் சிக்கினார், உண்மை. கொட்டை குறைந்ததும் முதலில் குறைந்தது வேலை நாட்கள். ஈ.எஸ்.ஐ. விதிகளின்படி ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் நோய்க்காலப் பணப்பயன் கிடைக்கும். 60 நாள் மட்டும் வேலை கிடைத்த பெண்ணுக்கு, சம்பளத்தில் பிடித்தம் செய்த பிறகும் அந்தப் பயன் இல்லை. கொட்டை வரும் வாரத்தில் விடியற்காலையிலேயே ஆபீஸ் பஸ் ஏறி மாலைவரை தல்லுவதும், கொட்டை தீர்ந்த வாரத்தில் வீட்டில் இருப்பதும்தான் இத்தொழிலின் சமநிலைப்படுத்தும் ஏற்பாடாக இருந்துவந்திருக்கிறது. பருப்பை வீடுகளுக்குக் கொடுத்து உரித்து வாங்கும் வழக்கம் இதன் நீட்சி. அங்கே கட்டடமும் விளக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரமும் அந்தப் பெண்ணின் செலவு. மேலாண்மைக் கணக்கில் அது எந்த வரியிலும் வராது.

6. இருப்பே இல்லாத தொழில்கள்

இருப்பின்மைதான் திறமை என்றால் மாவட்டத்தின் ஆகத் திறமையான அமைப்பு தோவாளைப் பூச்சந்தையாகத்தான் இருக்க வேண்டும். அதிகாலையில் தோவாளை, ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் வட்டாரத்துப் பிச்சியும் அரளியும், மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லிகையும், ஓசூர் ரோஜாவும் வந்து இறங்குகின்றன. காலைக்குள் நாகர்கோவிலுக்கும் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கும் போய்விடுகின்றன. கிட்டங்கி கிடையாது. மறுநாளுக்கு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சினால் அது பூவாக இருப்பதில்லை. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலையைக் கட்டுபவர்களும் ஆர்டர் வந்த பிறகே கட்டுகிறார்கள். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் பல மடங்கு ஏறும் விலை, பண்டிகை முடிந்ததும் பறிகூலிக்குக்கூடக் கட்டாத அளவுக்கு இறங்குகிறது. இங்கே ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் இருப்பு எதுவும் இல்லாததால் அது முழுவதும் விலையாக மாறி விவசாயியின் மடியில் விழுகிறது. சந்தை அற்புதமாக ஓடுகிறது. அதன் வேகத்தை மட்டும் பார்த்து வியப்பவர்கள், விற்காத அரளியைக் கொட்டிவிட்டுப் போகிறவரின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ரப்பரின் கதை சற்று வேறு. தமிழ்நாட்டு ரப்பரில் மிகப்பெரும்பகுதி இம்மாவட்டத்தில்தான் விளைகிறது. அரசு ரப்பர் கழகம் 1984இல் தொடங்கப்பட்டதும் இங்கேதான். வெட்டிய பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். அதற்குள் அமோனியா சேர்த்துப் பாலாகவோ, அமிலம் சேர்த்து உறைய வைத்து ஷீட்டாகவோ ஆக்கிவிட வேண்டும். மழை நாளில் பால்வெட்டு இல்லை, வெட்டுத் தொழிலாளிக்குக் கூலியும் இல்லை. மரம் இலையுதிர்க்கும் மாதங்களிலும் அப்படியே. ஷீட்டாக உலர்ந்த பிறகு அது கெடாது என்பதால், விலை இறங்கும்போது வைத்திருந்து ஏறும்போது விற்கும் வாய்ப்பு கொஞ்சம் வசதியுள்ள விவசாயிக்கு உண்டு. பூ விவசாயிக்கு இல்லாத அந்த வாய்ப்பை அவருக்குத் தருவது இருப்புதான். ஒரு டயர் நிறுவனம் தன் ரப்பர் இருப்பை வாரக்கணக்குக்குக் குறைக்கும்போது அந்த ஷீட்டு குலசேகரம் பக்கத்துப் புகைக்கூண்டிலும் வியாபாரியின் கடையிலும் கூடுதல் நாட்கள் தொங்குகிறது. கார் ஆலையின் பூஜ்ய இருப்பு, டயர் ஆலையின் குறைந்த இருப்பு, வியாபாரியின் கிட்டங்கி, விவசாயியின் புகைக்கூண்டு என்று சங்கிலியை முழுதாக நீட்டிப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயலில் லட்சக்கணக்கான ரப்பர் மரங்கள் சாய்ந்தன. புதிதாக நட்ட மரம் பால் தர ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகும். மணிக்கணக்கில் இயங்கும் ஓர் ஆலையின் கடைசிக் கண்ணி ஏழாண்டுக் காத்திருப்பில் நிற்கிறது.

கடலோரத்தையும் ஒரு வரியில் சேர்க்கலாம். 61 நாள் மீன்பிடித் தடை சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதலும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதலும் தொடங்குகிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டு காலண்டர். ஐஸ் பிளான்டும் வலைக் கம்பெனியும் இவற்றுக்கு ஏற்பத்தான் ஓட வேண்டும். உற்பத்தியைச் சமன்படுத்து என்ற நிபந்தனையை இங்கே கடலும் சட்டமும் சேர்ந்து மறுக்கின்றன.

7. எதை எடுத்துக்கொள்வது?

முறையை அப்படியே ஏற்பதும் அப்படியே தள்ளுவதும் இரண்டும் தவறு. அண்டி ஆபீசின் சுவருக்குள்ளே ஓனோவிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது. வறுப்பு கூடினால் பருப்பு கருகும், உடையும். முழுப்பருப்புக்கும் துண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு பெரிது. அந்தக் குறை தரம் பிரிக்கும் மேசையில் தெரியவருவதைவிட, தல்லும் இடத்திலேயே தெரிந்து வறுப்பவருக்கு உடனே சொல்லப்பட்டால் அன்றைய மீதி மூட்டைகள் தப்பும். அதற்குத் தல்லும் பெண்ணின் சொல்லுக்கு ஆபீசில் மதிப்பு இருக்க வேண்டும். தல்லுதல், போர்மா என்ற சூட்டறையில் உலர்த்தல், உரித்தல் ஆகியவற்றின் வேகத்தைப் பொருத்தினால் இடையில் பருப்பு குவிந்து ஈரம் இழுப்பது குறையும். இவை பெரிய முதலீடு கேட்காத மாற்றங்கள். டொயோட்டா முறையின் உண்மையான வலிமையும் இவற்றில்தான் இருக்கிறது.

கிட்டங்கி இருப்பைப் பூஜ்யமாக்கும் ஆசையைக் கைவிடலாம், அதைப் பாதியாக்கும் முயற்சி நியாயமானது. மேற்கு ஆப்பிரிக்க அறுவடையும் தான்சானிய அறுவடையும் ஆண்டின் இரு வேறு பகுதிகளில் வருவதால், இரு தவணையாக வாங்குவது விலைச் சரிவின் அடியைக் குறைக்கும். சிறு ஆபீஸ் தனியாகக் கண்டெய்னர் இறக்க முடியாது. சேர்ந்து வாங்கும் அமைப்பு வேண்டும். 2007ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டம் பதிவுபெற்ற கிடங்கின் ரசீதையே ஈடாகக் காட்டிக் கடன் பெற வழிவகுத்திருக்கிறது. தூத்துக்குடி வழியாகவோ கொல்லம், கொச்சி வழியாகவோ வரும் கொட்டைக்கு மாவட்டத்துக்குள் அப்படிப்பட்ட பொதுக் கிடங்கு அமைந்தால், இருப்பின் சுமை ஒரு முதலாளியின் தோளிலிருந்து பலர் தோளுக்கு வெளிப்படையாகப் பகிரப்படும்.

டொயோட்டாவிடமிருந்து இம்மாவட்டம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, எல்லோரும் விட்டுவிடும் அந்தச் சமன்படுத்தல் நிபந்தனைதான். அதைப் பொருளுக்கு முன்பு வேலை நாளுக்குப் பொருத்த வேண்டும். ஓர் ஆபீசின் கொட்டை இருப்பு எத்தனை நாள் வேலைக்குப் போதும் என்பது கணக்கிட எளிதானது. அந்த எண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளருக்கு அறிவித்து, 78 நாளுக்குக் குறையாதபடி வேலையைப் பரப்பித் தருவது எந்த முதலாளிக்கும் முடியாத காரியம் இல்லை. கொட்டை வாங்கக் கடன் தரும் வங்கிகளும், சுங்க வரியில் சலுகை கேட்டு வரும் தொழில் அமைப்புகளிடம் பேசும் அரசும் இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம், வைக்க வேண்டும். ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நிறுவனத்தின் இருப்பு விகிதம் குறைந்ததை வெற்றியாக எழுதும் முன், அதே ஆண்டில் அதன் சப்ளையர்களின் வராத பாக்கியையும், ஒப்பந்தத் தொழிலாளரின் வேலை நாட்களையும், வீட்டில் பருப்பு உரிக்கும் பெண்ணின் கூலியையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.